பாலய்யனைப் பற்றிச் சொன்னவர்கள்

கேரளத்துக்குள், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் உதியன்குளங்கரையில் மதிக்கும்படியாக ஒரு ஆளும் சத்தியதாஸ் சாருக்குக் கிடைக்கவில்லை. காலையில் ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கழித்துக்கட்டுவார். ரப்பர் ஷீட் வியாபாரிக்கு ரப்பர் ஷீட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. வக்கீல் குமாஸ்தாவுக்கு அதுகூடத் தெரியாது. கூட வேலை பார்க்கும் வாத்தியார்கள் சம்பளக் கமிஷனைப் பற்றிப் பேசிக்கொண்டே பிறந்து, அதைப் பற்றிப் பேசிக்கொண்டே சாகப்போகிறவர்கள். எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு குறை உண்டு. வீட்டில் எல்லாரும் பேசுவது தமிழ். ஏசுவது தமிழ், அழுவது தமிழ். ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழில் நாலு எழுத்தைக் காட்டினால், நாகர்கோவில் பஸ் போர்டைப் பார்க்கும் கண்ணோடு பார்ப்பார்கள்.

சத்தியதாஸ் அப்படியில்லை. சின்ன வயதில் மார்த்தாண்டத்தில் மாமா வீட்டில் நின்று தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பிறகு டிராயிங் படித்து, பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் சாராகச் சேர்ந்தார். பிள்ளைகளுக்கு மாம்பழமும் பூந்தொட்டியும் வரையக் கற்றுக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பல வருஷம் உட்கார்ந்து ஒரு படக்கதைப் புத்தகம் வரைந்து முடித்தார். 'பாலய்யனுக்கு ஒருத்தரையும் பிடிக்காது' என்று பெயர். நாகர்கோவிலில் ஒரு பிரஸ்ஸில் அச்சடித்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார்.

பாலய்யன் ஓட்டுக் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்து, கூட்டாளியைக் காட்டிக்கொடுத்து, அப்புறம் தானும் வெளியே தள்ளப்பட்டவன். ஐம்பது வயது. கல்யாணம் இல்லை. காலையில் எழுந்து ஊரைச் சுற்றிவருவான். எதிரே வருகிற ஒவ்வொருத்தரையும் பற்றி ஒரு அபிப்பிராயம் சொல்வான். பாதிரியார், பால்காரி, கைக்குழந்தை, நாய் என்று வித்தியாசம் கிடையாது. அவன் வாயில் போட்ட ஒவ்வொரு வரியையும் சத்தியதாஸ் ரசித்து ரசித்து எழுதியிருந்தார். இப்படியொரு புத்தகம் தமிழில் வந்ததே கிடையாது என்பது அவருடைய எண்ணம். மெட்ராஸிலிருந்து வரும் ஒரு சிறுபத்திரிகை 'கோடுகள் பரவாயில்லை, வட்டார வழக்கு உறுத்துகிறது' என்று எழுதியது. மெட்ராஸ்காரர்களையும் அவர் கழித்துக்கட்டினார். அப்புறம் மிச்சம் யாரும் இல்லை.

அந்த நிலையில்தான் வாயனசாலைச் செயலாளர் கிருஷ்ணன்குட்டி வீடு தேடி வந்தார். வாயனசாலை என்றால் ஊர் நூலகம்; ஒரு ஓட்டுக் கட்டடம், மூன்று அலமாரி, ஒரு கேரம் போர்டு.

"சாரே, உங்களுக்க புஸ்தகத்தப் பத்தி ஒரு சர்ச்ச வச்சிருக்கு, எல்லாரும் கூடிப் பேசலாம்னு. வாற ஞாயிறாழ்ச்ச. நீங்க வரணும். சிஸ்டரையும் கூட்டீட்டு வாருங்க."

சிஸ்டர் என்றது சத்தியதாஸின் மனைவி ஆனந்தபாயை. நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"படிச்சவனுவ ஆரு உண்டு அங்க?" என்று சத்தியதாஸ் கேட்டார்.

"நாலு காப்பி ஊரு முழுக்கச் சுத்திச்சில்லா. எல்லாரும் பாத்தாச்சு" என்றார் கிருஷ்ணன்குட்டி.

பார்த்தாச்சு என்று அவர் சொன்னதை சத்தியதாஸ் அப்போது கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாயனசாலை நிறைந்திருந்தது. வந்தவர்களுக்குக் கொடுக்க வாழைப்பழத்தில் போட்ட பழம்பொரியின் எண்ணெய் மணம் புத்தக அலமாரிவரைக்கும் போயிருந்தது. பாதிப் பேர் அதற்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று சத்தியதாஸ் முடிவுகட்டினார். முன்னால் போட்ட நாற்காலியில் காலின்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். ஆனந்தபாய் பெண்கள் பக்கத்தில், கடைசி பெஞ்சில் போய் இருந்துகொண்டாள்.

முதலில் எழுந்தது பொன்னப்பன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தைப் பார்த்தால் இப்போதும் 'முன்னோட்டு நீங்கி நில்லு' என்று சொல்வதுபோலவே பேசுவார்.

"எனக்குத் தமிழ் வாயிக்கத் தெரியாது. அத மொதல்லயே சொல்லிப்போடுதேன். ஆனா படம் மொத்தமும் பாத்தேன். திரும்பத் திரும்பப் பாத்தேன். சாரே, இந்தப் பாலய்யன் ஒரு பாவமாக்கும்."

"பாவமா?" என்றார் சத்தியதாஸ்.

"பின்ன? ஒரு கெழவி மழையில ஆட்டையும் பிடிச்சுக்கிட்டு நிக்கா. ஊருல ஒருத்தனும் திரும்பிப் பாக்கல்ல. இவன் தனக்க குடையக் குடுத்துட்டு நனஞ்சுகிட்டுப் போறான். நான் பஸ்ஸில எத்தன குடை கண்டிருக்கேன்! மறந்து வச்சிட்டுப் போனவனுவ உண்டு, அடுத்தவனுக்கத எடுத்துட்டுப் போனவனுவ உண்டு. மனசறிஞ்சு குடுத்தவன் ஒருத்தனும் இல்ல. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு."

நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள். சத்தியதாஸுக்கு உச்சந்தலை காய்ந்தது. ஒரு அட்சரம் வாசிக்கத் தெரியாது. ஆனால் அபிப்பிராயம் சொல்ல எழுந்துவிட்டான். கூடவே கண்ணீர் வேறு.

அடுத்து ரப்பர் வியாபாரி ஒருவர் எழுந்து, அதே அபிப்பிராயத்தை இன்னும் நீட்டிச் சொன்னார். தாய் செத்துக் கிடக்கும் பக்கத்தை எல்லாருக்கும் தெரியும்படித் தூக்கிக் காட்டினார். "பந்துக்காரனுவ எல்லாம் இலைபோட்டுத் திங்கானுவ. இவன் மட்டும் தள்ளைக்க கால்மாட்டுல இருக்கான். கையப் பாருங்க, கால்மேல வச்ச கைய எடுக்கல்ல. மவன்னா இவனாக்கும் மவன்."

"அப்பிடிச் சொல்லு மக்கா!" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

அதற்குமேல் வேதமணியால் பொறுக்க முடியவில்லை. சபையில் மூப்பர், எல்லைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தவர். சத்தியதாஸை விட்டால் கூட்டத்தில் தமிழ் சரளமாக வாசிக்கத் தெரிந்த ஆண்பிள்ளை அவர் ஒருத்தர்தான். எழுந்து நின்று கண்ணாடியைத் துடைத்தார்.

"இவனா மவன்? ஓய், இந்தப் பொஸ்தகத்த வாயிச்சுட்டு எனக்கு ரெண்டு நாளு பைபிளத் தொட மனசு வரல்ல. குடை குடுத்தான், குடை குடுத்தான்னு சொல்லுதியளே, என்ன சொல்லிக் குடுத்தான் தெரியுமா? கேளுங்க." புத்தகத்தைக் கண்ணுக்கருகே கொண்டுபோய் உரக்க வாசித்தார்: "'கெழவி, இத எடுத்துத் தொல. உனக்க ஆட்டு நாத்தம் ஏறின குடைய இனி நான் எப்பிடிப் பிடிப்பேன்?'"

 யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"தள்ளைக்க கால்மாட்டுல இருந்து என்ன சொல்லுதான்? 'செத்த பொறவாவது ஒதுங்கிக் கெடக்காளே. இருந்த காலத்தில எனக்க வழியில குறுக்க கால நீட்டினவளாக்கும்.' இதாக்கும் உங்களுக்க மவன்."

பொன்னப்பன் அசரவில்லை. "வேதமணி சாரே, நீரு வேற ஏதோ பக்கத்த வாயிக்கீரு."

"எலே, நான் தமிழ் படிப்பிச்சவனாக்கும்!"

"இருக்கட்டு. ஆனா இந்த மூஞ்சி அந்த வர்த்தமானம் சொல்லாது. சொல்லுத ஆளு இப்பிடிக் கைய வைக்கமாட்டான். நான் ஆளுகளப் பாத்தவனாக்கும். டிக்கெட் எடுக்காதவன படியில ஏறும்போதே அறிவேன்."

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. எழுத்தை நம்புகிறவர்கள் வேதமணி பக்கம், படத்தை நம்புகிறவர்கள் பொன்னப்பன் பக்கம். பொன்னப்பன் பக்கம்தான் அதிகம், ஏனென்றால் வாசிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம். எழுதியவர் நடுவில் உட்கார்ந்திருக்கிறார் என்பதே ஒருவருக்கும் நினைவில்லை. இந்தக் கூட்டத்தை அடுத்த புத்தகத்தில் ஒரே பக்கத்தில் தீர்த்துக்கட்டிவிடலாம் என்று சத்தியதாஸ் நினைத்தார். பொன்னப்பனுக்கு ஒரு தவளை வாய். வேதமணிக்கு ஆட்டுத் தாடி. மற்றவர்களுக்கு முகமே வேண்டாம்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து விஜயம்மா எழுந்தாள். அங்கன்வாடி டீச்சர். சத்தம் போடாமலே பேச்சை நிறுத்தத் தெரிந்தவள்.

"ரெண்டு பேரும் இரியுங்க. வார்த்த எனக்கும் தெரியாது. ஆனா இந்த இருப்ப நான் கண்டிருக்கேன்." தாய் செத்த பக்கத்தை விரித்துப் பிடித்தாள். "ஒரு கால மடக்கி, ஒரு முட்ட நிமித்தி, தலைய இந்தப் பக்கமாச் சாச்சு. எனக்க அம்ம ஆஸ்பத்திரியில கெடந்தாள்லா, டியூட்டி முடிஞ்ச பொறவும் வந்து அவளுக்க கால்மாட்டுல இப்பிடியேதான் இருப்பா. இது நம்ம ஆனந்தபாய் சிஸ்டருக்க இருப்பாக்கும்."

எல்லாத் தலையும் கடைசி பெஞ்சைப் பார்த்துத் திரும்பின. ஆனந்தபாய் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"ஆமா" என்றாள். "படம் வரையணும், நில்லுன்னு சொல்லுவாரு. நிப்பேன். இரியின்னா இருப்பேன்."

உண்மைதான். பார்த்து வரைய சத்தியதாஸுக்கு வேறு ஆள் இல்லை. ஆள் தேடிப் போய்க் கேட்க இந்த ஊரில் தகுதியுள்ளவர்களும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வந்ததும் குடையைப் பிடி, கட்டிலோரம் இரு, வாசலில் சாய்ந்து நில் என்பார். அவள் அப்படியே செய்வாள். அதன்மேல் ஒரு நீண்ட மூக்கையும் முள்ளுத் தாடியையும் போட்டு அவர் பாலய்யனாக்கிவிடுவார். அதை வேலை என்றுகூட அவர் எண்ணியதில்லை. அவளைப் பார்த்து வரைந்ததும் பூந்தொட்டியைப் பார்த்து வரைந்ததும் அவருக்கு ஒன்றுதான்.

பொன்னப்பன் தொடையில் தட்டிக்கொண்டார். "அப்பிடி வரட்டு! வர்த்தமானம் மொத்தமும் சாருக்கது. ஆளு சிஸ்டரு!"

கூரை ஓடு அதிரும்படி ஒரு சிரிப்பு எழுந்தது. வேதமணிகூடச் சிரித்தார். சத்தியதாஸ் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"நிறுத்துங்கவே! பெத்த தாய் பேசின பாஷைய எழுத்துக்கூட்டி வாயிக்கத் தெரியாத எரப்பாளிகளுக்கு எனக்க புஸ்தகத்தில என்ன காரியம்? பழம்பொரி திங்க வந்தவன் தின்னுட்டுப் போவணும்!"

 வேதமணி பரபரவென்று பக்கங்களைப் புரட்டினார்.

"இது இதில உண்டு!" என்றார், பரிசு விழுந்த சீட்டைக் கண்டெடுத்தவர்போல. "பள்ளி முற்றத்தில வச்சு பாலய்யன் சொல்லுத வர்த்தமானம். பழம்பொரிக்குப் பதிலா பிரியாணின்னு இருக்கு. பாக்கி எல்லாம் அப்பிடியே!"

மறுபடியும் எழுந்த சிரிப்பில் கோபம்கூட இல்லை. அதுதான் சத்தியதாஸால் தாங்க முடியாததாக இருந்தது. அடிக்க வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் முன்னால் நடந்தார். மரச்சீனிக்கிழங்குத் தோட்டத்தைத் தாண்டினார்கள். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"நீ அத வாயிச்சியா?"

சபையில் தமிழ் பைபிள் வாசித்து வாசித்து அவளுக்கு எழுத்து தெரியும்.

"வாயிச்சேன். அச்சடிச்சு வந்த அன்னைக்கே."

"ஒண்ணும் சொல்லல்லியே?"

"நீங்க கேக்கல்லியே" என்றாள் ஆனந்தபாய். செருப்பில் ஒட்டிய செம்மண்ணை ஒரு கல்லில் தேய்த்துவிட்டு அவரைத் தாண்டி நடந்துபோனாள்.

கேட்காததற்குக் காரணம் அவருக்குத் தெரியும். ஊசி போடுகிறவளிடம் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தார். இப்போது கேட்கலாமா என்று பார்த்தால், அவள் வீட்டுக்குள் போய் விளக்கைப் போட்டுவிட்டிருந்தாள்.

மறுவாரம் புதிய புத்தகத்தைத் தொடங்கினார். முதல் பக்கத்திலேயே வாயனசாலைக் கூட்டம். பாலய்யன் வாசலில் நின்று எல்லாரையும் பார்க்கிறான்.

"ஏட்டி, இங்க வந்து கதவுல சாஞ்சு நில்லு."

ஆனந்தபாய் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "இனி நிக்கமாட்டேன்."

"என்னது?"

"எனக்குக் கால் வலிக்கு. ஆஸ்பத்திரியில நின்னது போதாம இங்கயும் நின்னேன். ஒரு நாளாவது ஏதாவது குடிச்சியான்னு கேட்டியளா? எனக்க கையும் காலும் எடுத்து, அதில உங்களுக்க நாக்கச் சொருவி, ஊரு முழுக்கக் காட்டியாச்சு. இனி நீங்களே நில்லுங்க. அலமாரியில கண்ணாடி உண்டு."

சத்தியதாஸ் விடவில்லை. கண்ணாடி முன்னால் நின்றார். தன்னையே பார்த்து வரைவது ஒன்றும் அவருக்குப் பெரிய காரியமில்லை. கதவில் சாய்ந்த தோள், பாதி மூடிய கண், மேலே தூக்கிய மோவாய் எல்லாம் கச்சிதமாக வந்தது. எழுதிவைத்திருந்த வசனத்தைத் தலைக்குமேல் எழுதினார். முதல்முறையாக எழுத்தும் படமும் ஒன்றுக்கொன்று பொருந்தி நின்றன. இந்த முறை எவனும் பாலய்யனைப் பாவம் என்று சொல்லமுடியாது.

படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இரண்டாம் பக்கத்துக்குப் போகக் கை வரவில்லை. இந்த மனுஷனோடு இன்னும் இருநூறு பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டுமே என்று நினைத்ததும் ஒரு அலுப்பு வந்தது. பொன்னப்பனின் பக்கத்தில் பஸ்ஸில் உட்காரும்போது வருகிற அதே அலுப்பு. அந்தத் தாளை மடித்து மேசைக்கால் ஆடாமல் இருக்கக் கீழே வைத்தார். அப்புறம் புதுத் தாள் எடுக்கவில்லை.

ஒரு மாதம் கழிந்து கிருஷ்ணன்குட்டி மறுபடியும் வந்தார். சத்தியதாஸ் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஆனால் வந்தவர் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப்பார்த்தார்.

"சிஸ்டர் உண்டுமா? பெருங்கடவிளையில உள்ள வாயனசாலைக்காரங்களும் ஒரு சர்ச்ச வைக்காங்க. நம்ம சர்ச்சயப் பத்திக் கேட்டு, அங்க படத்தப் பாத்து ஒரே அடிபிடியாம். சிஸ்டர் வந்து ரெண்டு வார்த்த பேசணும்னு சொன்னாங்க."

"புஸ்தகம் எழுதின ஆளு நானாக்கும்" என்றார் சத்தியதாஸ்.

"அதுக்கென்ன, சாரும் வரலாம்" என்றார் கிருஷ்ணன்குட்டி, கல்யாணத்துக்கு வந்தவனிடம் டிரைவரையும் சாப்பிடச் சொல்வதைப்போல.

சத்தியதாஸ் போகவில்லை. மலையோரத்து மரச்சீனி வியாபாரிகளுக்கு முன்னால் உட்கார அவருக்கு என்ன தலையெழுத்து? ஆனந்தபாய் நீலப் புடவை கட்டிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போனாள். அவர் வீட்டுக்குள் இரண்டு சுற்று நடந்தார். அவள் என்ன சொல்வாள் என்று யோசித்தார். ஒன்றும் சொல்லத் தெரியாமல் விழிப்பாள் என்றார் தனக்குத்தானே. அதைப் பார்க்கவாவது போகலாம் என்று அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

பெருங்கடவிளை வாயனசாலையில் உள்ளே இடமில்லை. அவர் வெளியே, ஜன்னலுக்குப் பக்கத்தில், குருமிளகுக் கொடி படர்ந்த பலாமரத்தடியில் நின்றார். உள்ளே யாரோ ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சிஸ்டரே, வாக்குவாதம் எல்லாம் இருக்கட்டு. இந்த ஆளுக்கு என்ன வெசனம்? வேல போச்சு, அதா? பெண்ணு கிட்டல்ல, அதா? ஊருல உள்ள எல்லாரையும் இப்பிடி ஏசணுமானா உள்ளுக்குள்ள ஏதோ பெரிய வெசனம் இருக்கணுமில்லா?"

ஆனந்தபாய் எழுந்து நின்றிருந்தாள். மேசையில் விரல் நுனிகளை ஊன்றி, தலையைச் சற்றுச் சாய்த்து. பாலய்யன் எத்தனையோ பக்கத்தில் அப்படித்தான் நிற்கிறான்.

"அப்பிடி ஒரு வெசனமும் இல்ல" என்றாள். "அவனுக்கு நேரத்துக்குச் சோறு கிட்டுது. துணி வெளுத்துக் கிட்டுது. வெளம்புத கை ஆருக்கதுன்னு ஒரு பக்கத்திலயும் வரைஞ்சிருக்கல்ல, பாத்தியளா? அவனுக்கு ஆளுகளப் பிடிக்காததுக்கு வேற காரணம் ஒண்ணும் இல்ல. ஆளு இல்லாத ஒரு நாளு அவன் இருந்து பாக்கல்ல. அவ்வளவுதான்."

கூட்டம் சிரித்தது. பிறகு கைதட்டியது. சத்தியதாஸ் வழக்கம்போல அந்தச் சிரிப்பை வெறுக்கத் தொடங்கினார். மடையர்கள், எதற்கு வேண்டுமானாலும் சிரிப்பார்கள். ஆனால் அந்த வெறுப்பு இந்த முறை நிலைக்கவில்லை. அவள் சொன்னதைத் தன்னையறியாமல் ஒரு வசன பலூனுக்குள் போட்டுப் பார்த்தார். இத்தனை வருஷம் உட்கார்ந்து எழுதிய ஒரு பக்கத்திலும் அப்படியொரு வசனம் இல்லை. அது அவருக்கு உடனே தெரிந்துபோயிற்று, அந்த அளவுக்கு வேலை தெரிந்தவர்தான். பொறாமையாக இருந்தது. முகம் எரிந்தது. கொடியிலிருந்து ஒரு குருமிளகைப் பறித்துக் கடித்துத் துப்பினார்.

கூட்டம் முடிந்து அவளைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். ஒருத்தி தன் மாமியாரின் கால் வீக்கத்தைப் பற்றி விசாரித்தாள். ஆனந்தபாய் அதற்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். பஸ் வந்தபோது அவள் முன்வாசலில் ஏறினாள். சத்தியதாஸ் பின்வாசலில் ஏறி, நின்றுகொண்டு வந்த கூட்டத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தார்.

கண்டக்டர் முன்னால் பெண்கள் சீட்டிலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தான்.

"உதியன்குளங்கர, ரெண்டு" என்றாள் ஆனந்தபாய்.

"ரெண்டாமத்த ஆளு எவிட?"

"பொறத்த, கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்காரில்லா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு. அவருக்கு."

கண்டக்டர் பின்னால் எட்டிப் பார்த்தான். கூட்டத்தில் அப்படி நின்றது ஒரே ஒருவர்தான், ஆளைக் கண்டுபிடிக்க அவனுக்குச் சிரமம் இருக்கவில்லை. டிக்கெட்டைக் கிழித்து, நிற்பவர்களின் கை வழியாகப் பின்னால் அனுப்பினான். நாலைந்து பேர் கைமாறி அது சத்தியதாஸிடம் வந்தது. வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கடைசியாக டிக்கெட்டைக் கொடுத்த கிழவனிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், "சரி" என்றார்.